முள்மரத்துத் துணிகளைத் துவைக்காதே

முருகன் துணை

பாபடோயிட்டோய், ஆக்லாந்து
வைகாசி முதல் வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வைஷாலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம் என்று தொடங்குவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்தான், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்குக் குளிர் தொடங்கியதும் முழங்கால் வலி வந்துவிட்டது, அதைத் தவிர ஒன்றுமில்லை. மனசுதான் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இங்கே இல்லை, உன் வீட்டு வாசலிலேயே போய் நின்றுகொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்கிறவரை எனக்குச் சோறு இறங்காது.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் 'அம்மா, ஆரம்பிக்காதே' என்கிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தால் எனக்குப் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, இந்தப் பக்கம் உன் அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே 'அவ என்ன சின்னக் கொழந்தையா, உடு புள்ள' என்று நடுவில் புகுந்துவிடுகிறார். காகிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. கோபியில் நான்காவது வரை நீ படித்த தமிழ் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நம்பி எழுதுகிறேன், என் கோழிக்கிறுக்கல் புரியாவிட்டால் மாப்பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல், கடைசிப் பக்கத்தை மட்டும் நீயே தனியாக வாசி. 'துவைக்காதே, கடிதம் வருது' என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேனே, அதற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது. கூரியரில் அனுப்புகிறேன், ஒரு வாரத்தில் வந்து சேரும் என்று தபால் கடைப் பெண் சொன்னாள், அதுவரை கொட்டகையில் இருக்கிற அந்தப் பையைத் தொடாமல் இரு சாமி.

கில்தோரன் என்று நீ முதன்முதலில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னபோதே எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. மாப்பிள்ளைக்கு எங்கே உட்கார்ந்தும் செய்யக்கூடிய கம்ப்யூட்டர் வேலை, உனக்கு அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, இரண்டு தடவை வயிறு வெறுமையாகித் திரும்பி வந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்று நீ சொன்னபோது நான் என்ன சொல்லித் தடுப்பேன். மேப்பில் பார்த்தேன், ஒரே ஒரு தெரு, ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, இரண்டு மதுக்கடை, அதற்கு அப்புறம் சேற்று நிலம், அதற்கு அப்புறம் கடல். அந்தச் சேற்று நிலம் ஆளையே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று வேறு எங்கோ பார்த்துவிட்டேன். நம் நிறத்து ஆட்களைப் பட்டணத்தில் அடித்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் உனக்குப் போன் போடுவேன், நீ 'அது டப்ளின் அம்மா, இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்' என்பாய். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் ஒரு தப்பு நடந்தால் என்ன ஆகும் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஆனாலும் அந்த ஊர் உங்களை ஒதுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடை வைத்திருக்கிற பெர்னியம்மா நீங்கள் போன அன்றே ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், மாப்பிள்ளையை நிலக்கரிக்குப் பதில் எரிக்கிற அந்த மண்கட்டி வெட்டக் கூட்டிப்போனார்கள், ஊரே ஒன்றாக வெட்டி ஒருவர் வீட்டுக்கு அடுக்கி, அப்புறம் அடுத்தவர் வீட்டுக்குப் போகிற பழக்கம் என்று நீ சொன்னபோது அப்பாவுக்குக்கூடச் சந்தோஷம். மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கிப் பந்தை அடிக்கிற விளையாட்டில் மாப்பிள்ளை சேர்ந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை, இப்போது கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நிற்க மட்டும் போகிறார் என்று கேட்டுத்தான் மூச்சு விட்டேன். பிறகு அந்த இழவு விஷயம். ஊரில் யார் செத்தாலும் எல்லாரும் வரிசையில் நின்று வீட்டாருக்குக் கை கொடுக்க வேண்டும், போகாவிட்டால் மன்னிக்கவே மாட்டார்கள் என்று சொல்லி, மாசமாக இருக்கிறவள் பிணம் கிடக்கிற வீட்டுக்குள்ளேயே போய்விட்டு வந்து, டீயும் சாண்ட்விச்சும் சாப்பிட்டேன் என்று வேறு சிரித்தாய். நீ தலைக்கு ஊற்றிக்கொண்டாயா என்று கேட்டதற்கு வேறு பேச்சை எடுத்தாய், உனக்குப் பதிலாக நான் இங்கே தலைக்கு ஊற்றிக்கொண்டேன், அப்பா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உனக்கு வயிற்றில் தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் அந்த ஊரே சந்தோஷப்பட்டது என்றாயே, எனக்கு அதில்கூடப் பயம்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தால் ஒரு டீச்சரை நிறுத்திவிடுவார்கள் என்று பெர்னி உன் பிள்ளையை இப்போதே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டாள், சர்ச் வாசலில் கிழவர்கள் உன் வயிற்றைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள் என்று நீ சொல்லும்போது நான் இங்கே கையைச் சொடுக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை கண் படலாமா. நாலாம் மாதம் தாண்டுகிறவரை நான் எண்ணவே இல்லை, அஞ்சாம் மாதம் தாண்டியதும்தான் மூச்சே வந்தது, இப்போது ஏழு நடக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஆக வேண்டுமா.

நீ கிறிஸ்துமசுக்கு அனுப்பினாயே, அந்த ஊர்க்காரர்களே சேர்ந்து எழுதிய ஊர் வரலாற்றுப் புத்தகம், அதை நான் நான் வேலை செய்கிற புக்கெகோஹி காய்கறி பேக்கிங் ஷெட்டுக்கு எடுத்துப்போய் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மார்கரெட்டோடு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து வந்தேன். மார்கரெட் யார் என்று உனக்குத் தெரியும், ஈப்போவிலிருந்து வந்தவள், சர்ச்சுக்குப் போகிறவள், என்னோடு பெல்ட்டில் நின்று உருளைக்கிழங்கு பொறுக்குகிறவள். எனக்குப் புரியாத இங்கிலீஷை அவள் சொல்லுவாள். அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சோறே உருளைக்கிழங்குதான், அது அழுகிப்போய் அந்த ஊர் பட்டினியில் செத்த கதை வந்தபோது இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. முந்தின நாள் பச்சையாக இருந்த வயல் மறுநாள் காலையில் நாறியதாம், தோண்டினால் கையில் கருப்பாகக் கரைந்ததாம். சாகப்போகிறோம் என்று தெரிந்த குடும்பங்கள் பக்கத்து வீட்டார் பார்த்துவிடக் கூடாது என்று கதவை உள்ளே அடைத்துக்கொண்டு படுத்துவிட்டார்களாம். அதோடு விட்டதா, குத்தகை கட்டாதவர்களின் வீட்டுக் கூரையை நிலக்காரன் ஆள்விட்டுப் பிடுங்கிப் போட்டிருக்கிறான், நீ தினமும் வாக்கிங் போகிற பாதையில் உள்ளே மரம் முளைத்த மொட்டைச் சுவர் வீடுகள் இருக்கிறதே, அதெல்லாம் அப்படி ஆனவைதான். இப்போது பெல்ட்டில் ஒரு அழுகல் கிழங்கு வந்தால் நான் மற்றவர்களைப் போலத் தூக்கி எறிவதில்லை, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன், சூப்பர்வைசர் ஒருநாள் என்ன என்று கேட்டான், ஒன்றுமில்லை என்றேன்.

அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு முந்தின நாள் அந்த ஊரில் இழவு வீடு போலவே கூடி உட்கார்ந்து அழுவார்களாம். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இழவு. திரும்பி வர மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் செத்தவர்களுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்து அனுப்பியிருக்கிறார்கள். அதை வாசித்த அன்று நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஏர்போர்ட்டில் உன்னை அனுப்பியபோது நான் அழவில்லை, நல்ல காரியத்துக்குப் போகிறவள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அந்த ஊர் அம்மாக்கள் பரவாயில்லை, வாய்விட்டு அழுதார்கள்.

புத்தகத்தில் பாதிதான் முடிந்திருந்தது, நீ போய்க் கைவைத்தாயே, அந்தக் கிணற்றடி மரத்தைப் பற்றிய பகுதி அதற்குப் பின்னால் இருந்தது. முதலிலேயே அதை வாசித்திருந்தால் உன்னைத் தடுத்திருக்கலாமே என்று இப்போது மாய்ந்துபோகிறேன். நீ புத்தகத்தை எனக்கு அனுப்பினாய், நீ ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை, அது வேறு விஷயம்.

நடந்ததை நீ அழுதுகொண்டே சொன்னதால் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். சித்திரை கடைசியில் ஊர்த் தூய்மைப் போட்டிக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று எல்லாரும் தெருவைக் கூட்டினார்கள். உனக்குக் கூட்டுகிற வேலை பத்தவில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் சின்ன வயசிலிருந்தே உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் குப்பை பொறுக்கவிட்டுப் பழக்கிவிட்டார்கள், ஒரு பிளாஸ்டிக் உறையைப் பார்த்தால் உனக்குக் கை சும்மா இருக்காது. கல்லறைக்குப் பின்னால் வயலில் ஒரு சின்ன ஊற்றுக் கிணறும் அதன் மேல் சாய்ந்த முள்மரமும் இருக்கிறது, அந்த மரம் முழுவதும் நைந்த துணி, நாடா, ஒற்றைக் காலுறை, பாசிமணி என்று தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அடித்து வந்த குப்பை என்று நினைத்து, கிளவுஸ் போட்டுக்கொண்டு, ஏழு மாச வயிற்றோடு ஒரு மத்தியானம் முழுவதும் நின்று அத்தனை முடிச்சையும் கத்திரித்து இரண்டு பை நிறையக் கட்டிவிட்டாய். அதோடு விட்டாயா, மொட்டையான மரத்தைப் போட்டோ எடுத்து ஊர் வாட்சாப் குழுவில் போட்டுப் பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சியும் போட்டாய்.

யாரும் பதில் போடவில்லை. குட்டி நாய் காணாமல் போனால்கூட நூறு பதில் வருகிற குழுவில் அன்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கடையில் பெர்னி பால் பாக்கெட்டை உன் பக்கம் தள்ளிவிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்காமல் உள்ளே போய்விட்டாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் உன் கையால் டீ வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். நீயும் மாப்பிள்ளையும் நம் நிறத்துக்காகத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டீர்கள். பிறகு போன ஞாயிற்றுக்கிழமை மழையில் பெர்னி வந்து வாசலில் நின்றாள், நீ உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, 'என் பையனோட காலுறை அந்த மரத்துல இருந்துச்சு வைஷாலி, வேற ஒண்ணும் இல்ல, உனக்குத் தெரியணும்னுதான் வந்தேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். பெர்னிக்குப் பையன் இருக்கிறானா என்று நீ என்னிடம் கேட்டாய், எனக்கு எப்படித் தெரியும்.

திங்கட்கிழமை மார்கரெட்டோடு உட்கார்ந்து நேரே கிணறு இருக்கிற பக்கத்துக்குப் போனேன். அந்த வயல் சும்மா வயல் இல்லை கண்ணு. பிறந்ததும் இறந்த பிள்ளைகளையும் பிறக்காமலே இறந்த பிள்ளைகளையும் அந்தக் காலத்தில் சர்ச் கல்லறையில் வைக்க விடமாட்டார்களாம். 'ஞானஸ்நானம் வாங்காத புள்ளைங்கள உள்ள விடமாட்டாங்க லா, இப்ப சர்ச் மாறிருச்சு, அப்ப அப்படித்தான்' என்று மார்கரெட் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகு அப்பன்காரன் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டி வைத்துவிட்டு வருவானாம், அம்மாவுக்கு இடம்கூடக் காட்டமாட்டார்களாம். இடம் தெரியாத அம்மாக்கள் என்ன செய்வார்கள், மரத்தில் ஒரு துணியைக் கட்டினார்கள். நோய் தீரவும் கட்டுவார்களாம், துணி மழையில் நைந்து மக்க மக்க நோய் குறையுமாம், யாராவது அதை அவிழ்த்தால் அந்த நோய் அவிழ்த்தவர் மேல் ஏறுமாம். பெர்னியின் பெயரும் அதில் இருக்கிறது, அந்த வயலில் கிடக்கிற தன் பையனுக்கு வருஷா வருஷம் மே மாதத்தில் புதுக் காலுறை கட்டுவதாக அவளே சொல்லியிருக்கிறாள்.

அவிழ்த்தவர் மேல் ஏறும் என்ற வரியை மார்கரெட் வாசித்ததும் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். உன்னிடம் போனில் சொன்னால் 'அம்மா, நான் கிளவுஸ் போட்டிருந்தேன்' என்கிறாய். கிளவுஸ் போட்டால் கிருமி நிற்கும், இது நிற்குமா. அன்று சாயங்காலமே உன் கல்யாணப் போட்டோவை முன்னால் வைத்து மிளகாயும் உப்பும் சுற்றி வாணலியில் போட்டேன், நெடி வரவே இல்லை, நெடி வராவிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், ஆனால் புகை வந்து கூரையில் இருக்கிற அலாரம் கத்தி, பக்கத்து வீட்டு சமோவாக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டி, அப்பா அவரிடம் என்னவென்று சொல்வது என்று தெரியாமல் சமையல் என்று சொல்லி அனுப்பினார். சிரிக்காதே. மஞ்சள் துணியில் காசு முடிந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன், பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வந்ததும் பழனியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக. நாலு நாளாகக் கண்ணை மூடினால் அந்த மொட்டை மரம்தான் வருகிறது.

நேற்று நீ போனில் சொன்னதுதான் என்னை இன்னும் பயமுறுத்திவிட்டது. வேலையை விட்டுவிட்டு டப்ளினுக்குப் போய்விடுகிறோம், அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது என்றாய். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஓடிவந்துவிடு, டப்ளின் எதற்கு, நேரே இங்கேயே வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன், யாருக்கும் உன்னைத் தெரியாத ஊரில் ராத்திரி வலி வந்தால் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள். புத்தகத்தில் கதவை உள்ளே அடைத்துக்கொண்டு படுத்தவர்கள் ஞாபகம் வந்துவிட்டது, நீயும் இந்த ஒரு வாரமாக அதைத்தான் செய்கிறாய், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, பால் வாங்க மாப்பிள்ளையை அடுத்த ஊருக்கு அனுப்பிக்கொண்டு. எனக்கு அந்த ஊரை நினைத்தும் பயம், அந்த ஊர் இல்லாமல் நீ தனியாக இருப்பதை நினைத்தும் பயம், எது பெரிய பயம் என்று பார்த்தால் இரண்டாவதுதான்.

நியூ லின்னில் நாம் வாடகைக்கு இருந்த வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா. வீட்டைப் பார்வையிட ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஒரு பெண் வருவாள், நல்லவள், உனக்கு ஸ்டிக்கர் எல்லாம் கொடுப்பாள். ஒருநாள் வாசலில் நான் கட்டியிருந்த எலுமிச்சங்காயையும் மிளகாயையும் பார்த்து, காய்ந்துபோய்ப் பூச்சி வரும் என்று அவளே அவிழ்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, எனக்கு உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தாள். நான் அவளைத் திட்டவில்லை, எனக்கு அவ்வளவு இங்கிலீஷும் இல்லை, ஆனால் அவள் சிரிப்புக்குத் திரும்பச் சிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் எத்தனை தடவை வந்தாலும் நான் டீ கொடுத்ததில்லை. அவள் வெள்ளைக்காரி என்பதற்காக இல்லை. என்ன ஆயிற்று இவளுக்கு என்று அவளும் நினைத்திருப்பாள், இந்தியர்கள் இப்படித்தான் என்று முடிவு கட்டியிருப்பாள். ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே டீ போட்டுக் கொடுத்திருப்பேன், அவள் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் தெரியவில்லை. பெர்னி மழையில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் உன்னைக் கைவிடவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம், எனக்கு அப்படித்தான் படுகிறது, தப்பாக இருந்தால் முருகன்தான் காப்பாற்ற வேண்டும்.

இப்போது அந்தப் பைக்கு வருகிறேன். ஒரு பையைக் குப்பை லாரி எடுத்துப் போய்விட்டது, இன்னொன்று தொட்டியில் இடமில்லாமல் மாப்பிள்ளை கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறார், தெய்வச் செயல். அதை டெட்டால் போட்டு ஊறவைத்து, துவைத்து, அயர்ன் பண்ணி ஊர்க்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடவா என்று கேட்டாயே, உன்னைப் பெற்றதற்கு நான் என்னத்தைச் சொல்ல. அந்த அழுக்கு அத்தனை வருஷ மழை கண்ணு, அதைத்தான் அவர்கள் கட்டிவிட்டுப் போனார்கள், துவைத்தால் மிஞ்சுவது வெறும் கந்தல். எத்தனை நாற்றம் அடித்தாலும் அப்படியே வை. உள்ளே கைவிட்டுத் தேடவும் வேண்டாம், காலுறை அதில் இருக்கிறதா போய்விட்டதா என்று நீ பார்க்காதே. மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொள்ளட்டும், நீ தூக்காதே, இரண்டு பேருமாகப் பகல் நேரத்தில் பெர்னி கடைக்குப் போங்கள், மற்றவர்கள் இருந்தால் இருக்கட்டும், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த ஊர்தானே. இது என்னவென்று எனக்குத் தெரியாது, ஒரு பை போய்விட்டது, ஒரு பை இருக்கிறது, உங்கள் பையனுடையது எதில் என்று தெரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல். நர்ஸ் வேலையில் விளக்கம் சொல்கிற மாதிரிச் சொல்லாதே. பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவளையே கேள். திரும்பக் கட்டலாம் என்று அவள் சொன்னால் அவளோடு போ, உன்னை வராதே என்றால் போகாதே, திட்டினால் வாங்கிக்கொள், அழுதால் பக்கத்தில் உட்கார். இதை எழுதிவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தேன், அவள் கதவைச் சாத்திவிட்டால் உன்னைத் தாங்க அங்கே நான் இல்லையே என்று.

அப்பா ஏர்போர்ட் வேலையில் லீவு கேட்டிருக்கிறார், எனக்கு ஷெட்டில் வெங்காய சீசன் முடிந்துவிட்டது, ஆடியில் கிளம்பி உன்னிடம் இருப்பேன். விசா வரவேண்டும், அதற்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே, வழுக்குகிற செருப்பைத் தூக்கி எறி, கிணற்றுப் பக்கம் பாசி இருக்கும், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே நட.

இனி எழுதுவதை நீ தனியாக வாசி. இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது, பிரித்ததும் பதறிவிடாதே, அது வரப்போகிற பிள்ளைக்கு இல்லை. வரப்போகிற பிள்ளைக்கு நான் ஒரு நூல்கூட வாங்கவில்லை, அழுகிற சத்தம் காதில் விழுகிறவரை வாங்கவும் மாட்டேன். முதல் தடவை நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாயே, அப்போது என் பழைய மஞ்சள் சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு வெட்டிக் கையாலேயே ஒரு சட்டை தைத்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. இரண்டாவது தடவையும் அதே சேலையில் இன்னொன்று தைத்தேன், அது இன்னும் கொஞ்சம் பெரியது, அது அஞ்சாம் மாதம் அல்லவா. நம் பக்கம் அவ்வளவு சின்ன உயிருக்குப் பெயரும் கிடையாது, திதியும் கிடையாது, பேச்செடுத்தால் அடுத்தது தங்காது என்று வாயைக் கட்டிக்கொள்வோம். அதனால் உன்னிடம் காட்டவில்லை, அப்பாவுக்கும் தெரியாது, பட்டுச் சேலைகளுக்கு அடியில் கிடந்தன. இப்போது எழுதுவதால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசாமல் இருந்தும் இரண்டாவது தங்கவில்லையே சாமி.

பெர்னியிடம் இந்த இரண்டையும் காட்டு. யாருடையது என்று சொல். அவள் அந்த மரத்தில் இடம் காட்டினால் அவளோடு நின்று கட்டு, காட்டாவிட்டால் பத்திரமாக எடுத்து வை, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். இவ்வளவு பெரிய ஆக்லாந்தில் எனக்கு இதைக் கட்ட ஒரு மரம் தெரியவில்லை.

முருகன் உன் கூடவே நடக்கட்டும், உன் வயிறு குளிரட்டும், நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் ஒன்றாக இருந்து பிள்ளைகுட்டியோடு என் வாசலில் வந்து நிற்க வேண்டும். போய்விட்டு வந்ததும், எந்த நேரமானாலும், நல்லதோ கெட்டதோ ஒரு போன் போடு, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
சாந்தகுமாரி பழனிசாமி

மறந்துவிடாதே, உன் வழக்கப்படி அந்தச் சட்டைகளை டெட்டாலில் போட்டுவிடாதே. அவற்றில் துவைக்க ஒன்றும் இல்லை. யாரும் போட்டுக்கொள்ளவே இல்லை.